மூன்று ஃபைல், ஒரே ஜீன்

இந்த முறை ஊருக்கு வந்த நான்கு வார லீவில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போனது. அண்ணனுக்கு ஒரு வருடமாக மாடிப்படி ஏற முடியவில்லை. போனில் கேட்டால் "வயசாகுதுடா" என்று முடித்துவிடுவார். வயது 46தான்.

வீட்டில் அவர் பெயரில் மூன்று ஃபைல் இருந்தன. கண்புரைக்கு ஒன்று, இதயத் தசை தடித்திருப்பதற்கு ஒன்று, கால் பலவீனத்துக்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு ஆஸ்பத்திரி. ஒருவர் ஃபைலை இன்னொருவர் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. டோக்கன், ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் நான் இருக்கும் நாட்டைவிட வேகம். அதில் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து கதை கேட்கத்தான் ஆளில்லை.

நான்காவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் மூன்றையும் மேசையில் பரப்பினார். "அப்பாவுக்குக் கண்ணுல புரை எப்ப வந்துச்சு?" நாற்பதிலேயே. "எதனால இறந்தார்?" இதயக் கோளாறு. ஒரு தாளை இழுத்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தையே வரைந்தார். அப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினார், அண்ணனுடையதையும். தசையில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது டெஸ்மின் என்ற புரதம் திட்டுத்திட்டாகத் திரண்டு கிடந்தது. அப்புறம் ஜீன் டெஸ்டுக்கு ரத்தம்.

ரிப்போர்ட் நான் திரும்பிய பிறகுதான் வந்தது. மரபணு ஆலோசகர் வீடியோ காலில் என்னையும் சேர்த்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். ஜீனின் பெயர் சிஆர்ஒய்ஏபி, 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது உருவாக்கும் ஆல்ஃபா-பி கிறிஸ்டலின், சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்று. மனிதர்களுக்கு இந்த வகையில் பத்து உண்டாம். சூடோ வேறு நெருக்கடியோ வந்து மற்ற புரதங்கள் உருக்குலையும்போது, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் பிடித்துக்கொள்வதுதான் இதன் வேலை. கண் வில்லை, இதயம், கை கால் தசை என்று மூன்று இடத்திலும் இது நிறையவே இருக்கிறது. அண்ணனின் மூன்று ஃபைலும் அதே மூன்று இடம்தானே!

அந்தப் புரதத்தைக் கட்டும் 175 அமினோ அமிலங்களில் 120ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினின், அண்ணனுக்குக் கிளைசினாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 1998இல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் கண்டறிந்ததும் இதே மாற்றம். இப்படி மாறிய புரதம் டெஸ்மினைக் காப்பாற்றுவதற்குப் பதில் அதோடு சேர்ந்து தானும் திரண்டுவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இதைத் திருத்த மருந்து இல்லை. ஆனால் எக்கோ, மூச்சுத் திறன், கண் மூன்றையும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதயத் துடிப்பு பிசகினால் அதற்கு வழி இருக்கிறது. அண்ணன் மகளுக்கு இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். அறிகுறி இல்லாதபோது அவசரப்பட வேண்டாம், பதினெட்டு வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும் என்றார் ஆலோசகர். அந்தப் பதிலுக்காகவே அவரை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

எனக்கும் இந்த மாற்றம் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. டாக்டர் வரைந்த தாளைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதில் என் சதுரம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் பதிவு செய்திருக்கிறேன். ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.