மேசைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஒரு கிட்டார்: டெய்லர் ஜிஎஸ் மினி

நான் யாரிடமும் போய் கிட்டார் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டு, தடவித் தடவி வந்ததுதான். பகலெல்லாம் படிப்பு, ராத்திரியில் எழுத்து. நடுவில் கிடைக்கும் பத்து இருபது நிமிடம்தான் கிட்டார் வாசிக்க. பெட்டியைத் திறந்து, கிட்டாரை எடுத்து, உட்கார இடம் பார்ப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். டெய்லர் கம்பெனியின் சின்ன கிட்டாரான ஜிஎஸ் மினி எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அது என் மேசையை ஒட்டி ஸ்டாண்டிலேயே நிற்கிறது. ஒரு வாக்கியம் நகர மறுத்தால், நாற்காலியை விட்டு எழாமலே கையில் எடுத்துவிடலாம்.

இது 2010-இல் வந்த மாடல். மேல்பலகை முழு மரம், ஸ்ப்ரூஸ் அல்லது மஹோகனி. முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகை. பெரிய கிட்டார்களில் கம்பி, கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டிலிருந்து உடம்பில் உள்ள பிரிட்ஜ் வரை பெரும்பாலும் 25.5 அங்குலம் இருக்கும், இதில் 23.5. அதனால் முதல் ஃப்ரெட் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் சுருங்குகிறது. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் எஃப் கார்டை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ஒரு பிடியை, பிடித்துப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்திக்கொண்டிருக்க, மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு எட்ட வேண்டும். தானாகக் கற்பவர்கள் மனம் தளர்வது இந்தக் கார்டில்தான். இதில் கை வலிக்காமல் எட்டுகிறது.

அப்புறம் கம்பி. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவிசை சுமார் 15 சதவீதம் குறையும். அதை ஈடுகட்டத்தான் கம்பெனியே 13-இல் (அதாவது 0.013 அங்குலத் தடிமனில்) தொடங்கும் மீடியம் கம்பி போட்டுத் தருகிறது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், விரலுக்கு அதைவிட மெல்லிய லைட் கம்பி மாதிரிதான் இருக்கும். விரல் நோகாது என்று 11 போட்டால் கம்பி தொளதொளவென்று ஆகி, கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். ஆறாவது கம்பியை டி என்ற தாழ்ந்த சுரத்துக்கு இறக்கி வாசிக்கிறவர்கள் மீடியத்தை விட்டு இறங்கவே கூடாது.

கூட்டத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து ஓங்கி ஸ்ட்ரம் செய்து பாட வேண்டும் என்றால் பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் கிட்டார் வாங்குவதுதான் சரி, அந்தக் கீழ்த்தொனி இந்த உடம்பில் வராது. விரலால் மீட்டுகிறவர்களுக்கு இது போதும். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது, போனில் பதிவு செய்தாலும் குழைவதில்லை. பாதி எழுதிய மெட்டைப் பிடித்து வைக்க எனக்கு அதுதான் முக்கியம்.

வெளியிலேயே வைத்திருப்பதாக இருந்தால் அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். முடியாத நாட்களில் கூடவே வரும் பைக்குள் போட்டுவிடுங்கள்.