புதுச்சேரிப் பட்டறைப் பின்ஹோல் கேமரா: பெட்டி பிரமாதம், துளைதான் கோளாறு

புதுச்சேரியில் ஒரு மரப்பட்டறை, கேட்பவர்களுக்கு மட்டும் செய்துதரும் மடக்குப் பின்ஹோல் கேமரா இது. லென்ஸ் கிடையாது, ஊசித்துளை வழியே வரும் ஒளிதான் படமாகிறது. 12க்கு 16 அங்குல போட்டோ பேப்பரை அப்படியே உள்ளே வைத்து எடுக்கலாம். பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிளைவுட் பெட்டிகள், அவ்வளவுதான். வெளிப்பெட்டி 180 மி.மீ. ஆழம், உள்பெட்டி 160. முழுக்க இழுத்தால் 40 மி.மீ. உள்ளேயே தங்கும், துளைக்கும் பேப்பருக்கும் நடுவே 300 மி.மீ. கிடைக்கும். மடக்கினால் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. பேப்பரைப் பிடித்துவைக்கும் ஹோல்டரோடு நாலரை கிலோ.

மரவேலையைக் குறை சொல்ல முடியாது. 6 மி.மீ. மரைன் பிளை, மூலைக்கு மூலை உள்சட்டம், உள்ளே கரும்பலகைப் பெயிண்ட். பளபளக்கும் எனாமல் அடித்திருந்தால் பக்கச் சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பிப் பேப்பரில் விழுந்து படத்தை வெளிறச் செய்திருக்கும். ஸ்க்ரூ எல்லாம் பித்தளை. கடற்கரைக்கு எடுத்துப்போகிற சாமானுக்கு அதுதான் சரி.

கோளாறு முன்பக்கத் தகட்டில். 1 மி.மீ. பித்தளைத் தகட்டில் 0.8 மி.மீ. டிரில் போட்டுக் கொடுக்கிறார்கள். 300 மி.மீ. தூரத்துக்கு வேண்டிய விட்டம் சுமார் 0.77. அளவில் பழுதில்லை, தடிமனில்தான் பழுது. பேப்பரின் மூலைக்குப் போகும் ஒளி சுமார் 40 டிகிரி சாய்ந்து வருகிறது. 1 மி.மீ. தகட்டைக் கடப்பதற்குள் அது 0.85 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிடும். துளையோ 0.8தான். ஆக, மூலைக்கு ஒரு சொட்டு வெளிச்சமும் போகாது. படம் வட்டமாக வந்து நாலு மூலையும் கறுத்துப்போவது இதனால்தான். பேப்பர் மேல் பழி போட வேண்டாம். தகட்டுக்குப் பின்னால் மரத்தில் விட்டிருக்கும் ஓட்டையும் 8 மி.மீ.தான், அதுவும் மூலையை வெட்டும். அதை 20 மி.மீ. ஆக்க வேண்டும்.

மாற்றுத் தகடு செய்யக் காசே ஆகாது. கூல்டிரிங்க்ஸ் கேன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. அதில் 3 செ.மீ. சதுரம் வெட்டி, இரண்டு பக்கமும் பெயிண்ட் போக 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கவும். தடித்த அட்டை மேல் வைத்து 6ஆம் நம்பர் தையல் ஊசியால் லேசாக அழுத்தினால் மறுபக்கம் குமிழ் எழும். குமிழைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, ஊசியைத் திருகித் திருகி உள்ளே விடவும். ஒரே குத்தாகக் குத்தினால் விளிம்பில் பிசிறு நிற்கும், படம் மங்கும். சரிபார்க்க ஸ்கேனர் போதும்: 2400 டிபிஐயில் துளையின் குறுக்கே 70 முதல் 73 பிக்சல் இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சக் கசிவு. இருட்டறையில் செல்போன் டார்ச்சை உள்ளே எரியவிட்டு மூடிப் பார்த்தால், பெட்டிகள் நழுவும் இடத்தில் ஒரு மூலையில் முடிக்கற்றையாக ஒளி தெரிகிறது. வெளிச்சத்தைத் தடுக்கச் சுற்றி ஒட்டிய வெல்வெட் பட்டையின் இரு முனைகளும் அங்கே ஒட்டவில்லை. 10 மி.மீ. தள்ளி இன்னொரு பட்டை ஒட்டி, அதன் இணைப்பை எதிர் மூலையில் வைத்தால் தீர்ந்தது. பிளையின் வெட்டு விளிம்புகளுக்கு வார்னிஷ் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஊறி உள்பெட்டி இறுகிக்கொள்ளும். வார்னிஷ் இரண்டு கை, அதன்மேல் மெழுகுவத்தித் தேய்ப்பு.

கூடவே தரும் அட்டையில் 'நல்ல வெயிலில் 30 விநாடி' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். இந்தத் துளை சுமார் எஃப் 390 (தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த எண்). பேப்பரின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 6 என்று வைத்தாலே நடுப்பகல் வெயிலில் 100 விநாடி வருகிறது. 2 நிமிடத்தில் தொடங்குங்கள், மூட்டமாக இருந்தால் 7 முதல் 10. வெயிலில் கறுப்பு வெள்ளை முரண் தூக்கலாக இருக்கும். மல்டிகிரேட் (ஃபில்டரால் முரணைக் கூட்டிக் குறைக்கக்கூடிய) பேப்பரானால் துளைக்குப் பின்னால் மஞ்சள் ஃபில்டர் வைத்து அடக்கலாம், நேரமும் கூடும். குழாய்த் தண்ணீர் இங்கே 30 டிகிரியைத் தொடும். டெவலப்பரை 20க்கு இறக்க, ஐஸை ஜிப் கவரில் கட்டி மிதக்கவிடுங்கள். நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும்.

இந்த ஊரில் எடுப்பவர்களுக்கு ஒன்று. பேப்பருக்குச் சிவப்பும் மஞ்சளும் கண்ணில் படாது, நீலம்தான் படும். வெள்ளை நகரத்தின் (பழைய பிரெஞ்சுப் பகுதி) மஞ்சள் சுவர்கள் பாசிடிவில் (நெகட்டிவிலிருந்து எடுக்கும் பிரதியில்) கரிய சாம்பலாகவும், ஓரத்து வெள்ளைப் பூச்சு பளீரென்றும் வரும். காகிதப்பூ எதிர்பாராத வெளுப்பு. கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் கிழக்குப் பார்த்தவை, காலையில்தான் முகத்தில் வெயில் இருக்கும். இவ்வளவு அகலமான பெட்டி அங்கே காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. டிரைபாடின் நடுக்கொக்கியில் 5 கிலோ மணல் பை தொங்கவிடாவிட்டால் 2 நிமிடமும் ஆடிக்கொண்டேயிருக்கும்.

ஒரே ஹோல்டர் தருவதுதான் எரிச்சல். ஒரு படம் எடுத்ததும் இருட்டறைக்கு ஓட வேண்டும். போதாததற்குப் பேப்பரை நீளவாட்டு இரு விளிம்பில் மட்டுமே பிடிக்கிறது. ஈரக்காற்றில் நடுப்பாகம் உப்பிவிடும். பின்ஹோலில் ஃபோகஸ் கெடாது, ஆனால் தூண்கள் வளையும். பின்னால் நாலு இடத்தில் லேசான இருபக்க டேப் ஒட்டினால் போதும். ஆர்டர் கொடுக்கும்போதே துளையில்லாத பெட்டியாகவும், இரண்டாவது ஹோல்டரோடும் கேளுங்கள். தகட்டு வேலையைக் கழித்துக்கொண்டு ஹோல்டருக்குச் சேர்க்கச் சொல்லலாம்.