கப்பலில் படித்த 18 மாதங்கள்: டெக் கேடட் பயிற்சி பற்றி என் அனுபவம்

கரூரில் பிறந்தவன் நான். பதினேழு வயதுவரை கடலை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன், இரண்டும் திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போனபோது. இப்போது 18 மாதக் கடல் பயிற்சியை முடித்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பையன்களின் பெற்றோர் மாலைதோறும் வீட்டுக்கு வருகிறார்கள். சம்பளம், ஆபத்து, சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கேட்கிறார்கள்: "கப்பலில் உண்மையிலேயே பாடம் சொல்லித் தருவார்களா?" வாசலில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது டி.என்.எஸ். எனப்படும் டிப்ளமோ இன் நாட்டிக்கல் சயின்ஸ். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-ல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் படிப்பு. முதல் ஓராண்டு கரையில் வகுப்பு, அடுத்த 18 மாதம் சரக்குக் கப்பலில் டெக் கேடட், அதாவது பயிற்சி அதிகாரி. ஒரு காலத்தில் மும்பையில் நின்ற டஃப்ரின், அதற்குப் பின் 1972-ல் வந்த ராஜேந்திரா ஆகிய பயிற்சிக் கப்பல்களே பள்ளிக்கூடமாக இருந்தன. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் ஏறுவது ஓடுகிற கப்பலில். அதற்குச் சரக்குதான் முதல் கவலை. நம் படிப்புக்காக அது ஒரு மணி நேரம்கூட நிற்காது. சேர்வதற்கு முன் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இரண்டு கப்பல்களில் ஒன்பது ஒன்பது மாதம் இருந்தேன். இரண்டுமே ஐந்து ஹோல்டு (சரக்கு அறை), நான்கு கிரேன் கொண்ட பல்க் கேரியர்கள். நிலக்கரி, இரும்புத்தாது, தானியம் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல்கள். கண்டெய்னர் கப்பல் போல ஒரு துறைமுகத்துக்கு வந்த அன்றே கிளம்பிவிடாது. சில இடங்களில் நாள் கணக்கில் நங்கூரத்தில் கிடக்கும். படிக்கிறவனுக்கு அது நல்லது.

முதல் கப்பலில் என் நாள் அதிகாலை மூன்றரைக்குத் தொடங்கியது. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜிலிருந்து என் அறைக்குத் தொலைபேசி வரும். நான்கு முதல் எட்டு வரை, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீசருடன் வாட்ச், அதாவது பிரிட்ஜில் கண்காணிப்புப் பணி. காலை உணவுக்குப் பின் எட்டரை முதல் பதினொன்றரை வரை மேல்தளப் பணியாளர்களின் தலைவரான போசனுடன் மேல்தளத்தில் வேலை: துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கிரேனுக்கு கிரீஸ் வைப்பது. மாலை நான்கு முதல் எட்டு வரை மறுபடி வாட்ச். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, அதில் ஆறு மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எனக்கு இரவு ஒன்பது முதல் மூன்றரை வரை தூக்கம், பகலில் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மூன்றரை மணி நேரம். அட்டவணையில் அந்தப் பகல் நேரமும் ஓய்வுதான். ஆனால் புத்தகம் திறப்பது அதில்தான். வேறு நேரம் கிடையாது.

ஒன்று முதல் இரண்டரை மணி வரை என்று வைத்துக்கொண்டேன். கட்டில் கண்ணுக்கு எதிரே இருக்கும் அறையில் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் அந்த நேரத்தில் யாரும் வராத கார்கோ அலுவலக அறைக்குப் புத்தகத்துடன் போய்விடுவேன். ஒன்பது மாதத்தில் நான் எழுதி அனுப்பிய பாடப் பயிற்சிகள் எல்லாம் அந்த மேசையில் எழுதியவை. கடல் கொந்தளித்த நாள்களில் மேசையில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் நோட்டை வைத்தால் நழுவாது.

கொந்தளிப்பு என்றதும் குமட்டலைச் சொல்லியாக வேண்டும். ஏறிய இரண்டாவது வாரத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தாது கனமானது, ஹோல்டின் அடியில் கொஞ்ச உயரத்துக்குத்தான் கிடக்கும். கப்பலின் ஈர்ப்பு மையம் கீழே போய்விடுகிறது. கரையில் இதை ஜி.எம். (சாய்ந்த கப்பல் நிமிரும் திறனைக் காட்டும் அளவு) அதிகம், கப்பல் 'ஸ்டிஃப்' என்று படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அதன் பொருள் என்னவென்று நான்கு நாள் உடம்பு சொல்லிக் கொடுத்தது. சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிர்கிறது, அதே வேகத்தில் மறுபக்கம் போகிறது. அடுத்த பயணத்தில் நிலக்கரி. ஹோல்டுகள் நிறைந்திருந்தன, மையம் உயர்ந்திருந்தது, கப்பல் ஊஞ்சல் போல மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. அன்றைக்கு ஸ்டெபிலிட்டி புத்தகத்தைத் திரும்ப எடுத்தபோது ஒவ்வொரு வரியும் வேறாகத் தெரிந்தது. இந்தப் பயிற்சியை நான் இவ்வளவு மதிப்பதற்கு இத்தகைய நாள்கள்தான் காரணம். குமட்டலுக்கு எனக்கு உதவியவை உப்பு பிஸ்கட்டும் இஞ்சியும். தூங்கும்போது லைஃப் ஜாக்கெட்டை மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் செருகிவிட்டால் உடம்பு சுவரோடு அணைந்து உருளாமல் கிடக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் போசன்.

அவர் தூத்துக்குடிக்காரர். அவருடைய அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். துரு தட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "தம்பி, முகத்தைத் திருப்பிப் பார், என்ன காற்று?" என்பார். நான் திசையைப் பாகையில் சொல்வேன். அவர் கச்சான், கொண்டல், வாடை என்பார். கச்சான் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து. பிரிட்ஜில் காற்றுமானி இருக்கிறது. ஆனாலும் இரண்டு கன்னத்திலும் காற்று ஒரே அளவாகப் படும்வரை முகத்தைத் திருப்பித் திசை பிடிக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. கப்பல் ஓடும் வேகம் கலந்த காற்றைத்தான் கன்னம் உணர்கிறது, உண்மையான காற்றைத் தெரிந்துகொள்ள அலையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அதே மூச்சில் சொல்வார். புத்தகத்தில் அது ஒரு வெக்டர் கணக்கு.

நட்சத்திரங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. சீஃப் ஆபீசரின் வாட்ச் கிடைப்பது ஒரு கேடட்டுக்குப் பெரிய வரம், ஏனென்றால் விடியற்கருக்கலும் அந்திக்கருக்கலும் அந்த நேரத்தில்தான் விழுகின்றன. சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை முதல் 12 பாகை வரை கீழே இருக்கும்போது மட்டுமே நட்சத்திரமும் அடிவானக் கோடும் சேர்ந்து தெரியும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட்டில் ஐந்தாறு நட்சத்திரங்களை இறக்கி அடிவானத்தில் தொட வைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தை விநாடி சுத்தமாகக் குறிக்க வேண்டும். மாலுமிகளின் வான் பஞ்சாங்கமான அல்மனாக்கில் 57 நட்சத்திரங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஆல்டெபரான் என்று மனப்பாடம் செய்தது நம் ரோகிணி, பெட்டல்ஜூஸ் திருவாதிரை, ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, கனோபஸ் அகத்தியர். பாட்டி நாள்காட்டி பார்த்துச் சொல்லிக் கேட்ட பெயர்களை அந்தந்த ஒளியோடு பொருத்திக்கொண்ட பிறகு எனக்கு வானம் மறக்கவே இல்லை.

பிப்ரவரி மாதம், நிலநடுக்கோட்டுக்கு அருகில், நட்சத்திரங்களைக் கொண்டு கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த என் முதல் முழுக் கணிப்பு. ரோகிணி, திருவாதிரை, சிரியஸ், அகத்தியர் என நான்கு. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு கோடு என்று வரைபடத்தில் வரைந்தேன்; கோடுகள் சந்திக்கும் இடம்தான் கப்பல் இருக்கும் இடம். நான்கும் அழகாக ஒரே இடத்தில் சந்தித்தன. ஆனால் ஜி.பி.எஸ். காட்டிய இடத்துக்கு 15 மைல் மேற்கே. கணக்கைப் பலமுறை சரிபார்த்தும் தவறு கிடைக்கவில்லை. சீஃப் ஆபீசர் என் தாளை வாங்கவே இல்லை. வரைபடத்தை மட்டும் பார்த்தார்.

"கோடுகள் சிதறவில்லை. அப்படியானால் உன் கையும் கண்ணும் சரி. நேர் மேற்கே 15 மைல். கடிகாரத்தைப் பார்."

நேரத்தை ஒரு நிமிடம் கூடுதலாக எழுதியிருந்தேன். பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. ஒரு நிமிடம் தவறினால் நிலநடுக்கோட்டில் 15 கடல் மைல் போய்விடும், நான்கு விநாடிக்கு ஒரு மைல். தவறின் உருவத்தைப் பார்த்தே தவறு எங்கே பிறந்தது என்று சொல்கிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவரைப் போல ஆக வேண்டும் என்று அன்றிரவு நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவது கப்பலில் அப்படி ஒருவர் இல்லை. நிறுவனத்தின் பெயரையோ ஆளையோ சொல்லப் போவதில்லை. அங்கே கேடட் என்றால் சம்பளம் குறைந்த ஒரு கூடுதல் கை, அவ்வளவுதான். பிரிட்ஜுக்கு வாரத்தில் ஒரு நாள் விட்டால் அதிகம். பயிற்சிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. செய்து காட்டிய ஒவ்வொரு பணிக்கும் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாத இறுதியில் நான் செய்யாத பணிகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் தணியவில்லை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் நாளை ஒரு கப்பலை இரவில் என் கையில் கொடுக்கப் போகிறார்கள். தனியாக ஒரு நோட்டில், கையெழுத்து விழுந்தும் நான் செய்யாதவற்றை எழுதி வைத்தேன். ஒவ்வொன்றாக, சில சமயம் இரவு வாட்சில் இருந்த மூன்றாம் அதிகாரியிடம் என் தூக்கத்தை விட்டுப் போய்க் கேட்டு, செய்து, அந்தப் பட்டியலிலிருந்து அடித்தேன். இறங்கும்போது ஏழு மிச்சம். விதியை மீறித் தூக்கத்தை விட்டது சரி என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். களைத்த கண்ணோடு ஹோல்டில் இறங்குகிறவனுக்குத்தான் விபத்து நேர்கிறது.

அந்தக் கப்பலிலும் கற்றது உண்டு. நிலக்கரி இறக்கியபின் தானியம் ஏற்ற ஐந்து ஹோல்டுகளையும் கழுவினோம். கூட்டி, கடல் நீரைப் பீய்ச்சி, கடைசியில் உப்புப் போக நல்ல நீரால் அலசி, அடியில் நீர் சேரும் பில்ஜ் குழிகளைக் கையால் வழித்து எடுத்தோம். சோதிக்க வந்த சர்வேயர் வெள்ளைத் துணியால் ஹோல்டின் இரும்புச் சட்டத்தின் பின்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். கரி ஒட்டியது. மறுபடி கழுவினோம். இறங்குவதற்கு முன் காற்றில் ஆக்சிஜன் இயல்பான அளவில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்காமல் ஒருவரையும் அந்தக் கப்பலின் போசன் ஏணியில் கால் வைக்க விடமாட்டார். நிலக்கரி மூடிய ஹோல்டில் ஆக்சிஜனைத் தின்றுவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

கப்பலின் எடையை நீர்க்குறி கொண்டு கணக்கிடும் டிராஃப்ட் சர்வேயும் அங்கேதான் கைக்கு வந்தது. முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடத்தில் குறிகளைப் படித்து, நீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் எங்கள் கப்பலில் 50 டன்னுக்கு மேல் கணக்கு மாறும். ஒரு அலையின் உச்சியையும் பள்ளத்தையும் பார்த்து நடுவை எடுக்கக் கண்ணுக்குப் பொறுமை வேண்டும்.

இணையம் இருந்தது, அளந்து கொடுத்தார்கள். முதல் கப்பலில் வாரத்துக்கு இவ்வளவு என்று கார்டு, இரண்டாவதில் அறையிலேயே வேகமாகக் கிடைத்தது. படிப்புக்கு முதல் கப்பலே நல்லது என்பது என் முடிவு. ஆனால் அக்காவின் திருமணத்தை நடுக்கடலிலிருந்து, விட்டு விட்டு வந்த காணொளியில் பார்த்தபோது இதே முடிவை என்னால் சொல்ல முடிந்திருக்காது. தேவையான புத்தகங்களையும் கேள்வித்தாள்களையும் கரையிலேயே பதிவிறக்கிக்கொண்டு ஏறுங்கள்.

சாப்பாடு பற்றி அம்மாக்கள் கவலைப்பட வேண்டாம். ஞாயிறு பிரியாணி எந்தக் கடலிலும் தவறவில்லை. காய்கறி மட்டும் நீண்ட பயணத்தில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்குமாக ஒடுங்கிவிடும்.

கிழக்கே போகும்போது கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், தூக்கம் குறையும். அந்த வாரங்களில் புதிய பாடத்தைத் தொடாமல் பழையதைத் திருப்புவேன். பேனா மழையில் கலையும், பென்சில் கலையாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பாதுகாப்புக் காலணி நிறுவனம் கொடுப்பதுதான், ஆனால் உள்ளே போட நல்ல மெத்தையை நீங்கள் வாங்கிப் போங்கள். ஒன்பது மாதம் இரும்புத் தளத்தில் நடக்க வேண்டும்.

அடுத்து எனக்கு, கப்பல் அதிகாரி ஆவதற்கான செகண்ட் மேட் தேர்வு இருக்கிறது, வாய்மொழித் தேர்வும் சேர்த்து. உங்கள் பையன் ஏறப் போகும் நிறுவனத்தில் ஏற்கெனவே கேடட்டாக இருந்த இரண்டு பேரையாவது தேடிப் பிடித்து, "வாரத்தில் எத்தனை நாள் பிரிட்ஜில் நின்றாய்?" என்று மட்டும் கேளுங்கள். கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட அது முக்கியம்.

முதல் கப்பலின் செக்ஸ்டன்ட் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு முன் இருந்த கேடட்கள் கருவியின் இன்டெக்ஸ் பிழையை (அது காட்டும் கோணத்தில் உள்ள பிசகை) அளந்து தேதியோடு பென்சிலால் எழுதியவை, மூன்று வெவ்வேறு கையெழுத்து. இறங்கும் நாள் விடியற்காலையில் நானும் அளந்து கீழே எழுதினேன். மாற்று ஆளாக வந்த பையனிடம் பெட்டியைக் கொடுத்தபோது அவன் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் படித்தான்.