நாவுக்கு ஒன்று, குடலுக்கு வேறு: சர்க்கரையும் செயற்கை இனிப்பூட்டியும்

நாவில் இனிப்பை அறியும் டி1ஆர்2, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் சேர்ந்த ஏற்பி சிறுகுடலின் உட்சுவரிலும் உண்டு. அது குளுக்கோஸ் உறிஞ்சலோடும் ஜி.எல்.பி-1 என்னும் ஹார்மோன் சுரப்போடும் தொடர்புடையது என்பதை 2007-இல் வெளியான விலங்கு ஆய்வுகள் காட்டின. அப்படியானால், சர்க்கரை இல்லாமலே இனிக்கும் பொருள்களும் குடலை அதே போலத் தூண்டுமா என்ற கேள்வி நீரிழிவுள்ளவர்களுக்கு முக்கியமானது.

சர்க்கரையை முதலில் பார்ப்போம். அது செரித்துக் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்பியைத் தொடுவதோடு நில்லாமல், எஸ்.ஜி.எல்.டி-1 என்னும் கடத்தி வழியாகச் சோடியத்துடன் உயிரணுவுக்குள் நுழைகிறது. ஹார்மோன் சுரப்பைப் பெரிதும் தூண்டுவது இந்த நுழைவே. சுரக்கும் ஜி.எல்.பி-1 இன்சுலினைக் கூட்டி, ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்னும் ஹார்மோனைக் குறைத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் குடல் ஹார்மோன்களால் கிடைக்கும் இந்த இன்சுலின் ஆதாயம் குறைந்துவிடுகிறது. நலமானவர்களின் ரத்தத்தில் குளுக்கோஸ் மிகும்போது குடலில் டி1ஆர்2 உற்பத்தி தணிகிறது என்றும், நீரிழிவுள்ளவர்களிடம் அது தணியாமல், உறிஞ்சலும் கூடுதலாக இருந்தது என்றும் 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது. எது காரணம், எது விளைவு என்பதை அது தீர்த்துவிடவில்லை. ஆனாலும், அடங்க வேண்டிய நேரத்தில் குடல் அடங்காமல் போவது கவலைக்குரியது என்றே கருதுகிறேன்.

செயற்கை இனிப்பூட்டியின் நிலை வேறு. சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ், ஆய்வுக்கூட உயிரணுக்களில் ஜி.எல்.பி-1-ஐச் சுரக்கச் செய்தாலும், நலமான மனிதர்களின் குடலில் நேரடியாகச் செலுத்தியபோது அதைச் செய்யவில்லை. ஏற்பி இனிப்பை உணர்ந்தாலும், உள்ளே நுழைய குளுக்கோஸ் இல்லை. அஸ்பார்ட்டேமோ மேல்குடலிலேயே சிதைந்துவிடுவதால் கீழ்க்குடல் வரை செல்வதில்லை. சாக்கரினும் சுக்ரலோஸும் நலமான சிலரின் குளுக்கோஸ் தாங்குதிறனை, அதாவது குளுக்கோஸைச் சமாளிக்கும் உடலின் திறனை, குடல் நுண்ணுயிர்கள் வழியாகக் குலைக்கலாம் என்று 2022-இல் ஓர் ஆய்வு கூறியது. எல்லோரிடமும் அப்படி நேரவில்லை.

எனவே, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவதில் இனிப்பூட்டியே மேல் என்பது என் மதிப்பீடு. குடல் ஹார்மோனை அது தூண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வரும் நேரத்தில் இந்தத் தேர்வு தலைகீழாகிவிடும்: அப்போது இனிப்பூட்டி கலந்த பானம் நாவுக்கு எவ்வளவு இனித்தாலும் பயன்படாது, குளுக்கோஸோ சர்க்கரையோதான் உடனே தேவை.