கணக்கு ஹெச்.ஓ.டி.: உள்ளே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா?

நான் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் துணை முதல்வர். போன வருஷம் கணக்கு ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) இடம் காலியானபோது கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒன்பது வருஷமாக எங்களிடமே எட்டு, பத்தாம் வகுப்பு எடுக்கும் டீச்சர், விடுதிப் பள்ளியொன்றில் பிளஸ் டூ மட்டும் எடுத்துப் பேர் வாங்கிய சார், அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்ற பெரியவர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டீச்சர் பக்கம்.

சம்பளக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளியாளுக்குக் கூடக் கொடுத்தால் அன்று சாயங்காலமே ஸ்டாஃப் ரூமில் தெரிந்துவிடும். டெமோ கிளாஸில் விடுதிப் பள்ளி சாரை யாரும் தொட முடியாது, போர்டே அழகாக இருந்தது. பெரியவருக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் அனுபவம் அதிகம். பிளஸ் டூ கணக்கில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஏழுக்கே 35 மார்க், அதில் எந்த ஸ்டெப்புக்கு எவ்வளவு என்று மனப்பாடமாகச் சொன்னார்.

ஆனால் ஹெச்.ஓ.டி. என்பவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை பார்க்க வேண்டும், அதிலும் அடுத்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். நல்லா பாடம் எடுப்பது வேறு, இது வேறு. அதனால் மூன்று பேரிடமும் வேறொரு ஆசிரியர் திருத்திய எட்டாம் வகுப்பு நோட்டுகள் ஐந்தைக் கொடுத்து, 'இதைத் திருத்தியவரிடம் என்ன பேசுவீர்கள்?' என்று மட்டும் கேட்டேன். சார் புரட்டிவிட்டு, பையன்களுக்கு அடிப்படையே இல்லை என்றார். பெரியவர் தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். டீச்சர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். மைனஸ் 5 மறுபக்கம் போகும்போது பிளஸ் ஆக வேண்டும், பையன் மைனஸாகவே விட்டிருக்கிறான், சிவப்பு மையில் சுழித்தும் இருக்கிறது. இருபது பக்கம் தள்ளி அதே தப்பு, அதே சிவப்புச் சுழி. "திருத்தினது சரிதான் சார், அவன் திரும்பப் போட்டுப் பார்த்தானான்னு யாரும் பார்க்கலையே" என்றார். இந்தப் பையன்தான் பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியில் கோட்டை விடப்போகிறவன். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. முதல் இரண்டு மாதம் தன்னோடு ஒரே வேனில் வரும் தோழியின் வகுப்பில் பின்பெஞ்சில் போய் உட்கார அவருக்குக் கூச்சம், நானும் கூடப் போய் உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் வாரத்துக்கு 30 பீரியட் எடுத்துக்கொண்டிருந்தவரை 22-க்குக் குறைக்காமல் பதவியை மட்டும் கொடுத்திருந்தால் அவரும் டைம்டேபிளோடு மல்லுக்கட்டியே ஓய்ந்திருப்பார். மீதி எட்டை யார் தலையில் கட்டுவது என்பது தனிப் பஞ்சாயத்து. எம்.எஸ்சி., பி.எட். முடித்திருந்தாலும் பிளஸ் டூ எடுத்ததில்லை, அங்கே மூத்தவர்கள் இவர் பேச்சை எவ்வளவு கேட்பார்கள் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு பொதுத்தேர்வைத்தான் அவர் பொறுப்பில் பார்த்திருக்கிறோம்.

ஓய்வு பெற்றவரை அமர்த்துவது பற்றி எனக்கு அனுபவம் குறைவு. முன்பு வேறு பாடத்துக்கு ஒருவர் ஏழு மாதம் இருந்தார், நல்ல மனிதர், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதை வைத்து எல்லோரையும் எடைபோட மாட்டேன். துறையில் எல்லோரும் புதுசு, உள்ளே யாரும் தேறவில்லை என்றால் நானே அப்படி ஒருவரைத்தான் தேடுவேன்.

விடுதிப் பள்ளி சார் இந்த மாதம் மறுபடி போன் செய்தார். பிளஸ் டூவோடு எட்டாம் வகுப்பு ஒரு செக்‌ஷனும் எடுப்பீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.