கும்பகோணம் பக்கம் ‘வாட்சு’ நீர்ச் சிகிச்சைக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணத்துக்கு வெளியே, அரசலாற்றங்கரையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில், வெதுவெதுப்பான நீரில் மிதக்கவைத்து உடலைத் தளர்த்தும் ‘வாட்சு’ சிகிச்சை தருவதாகச் சொல்லி, சென்ற கார்த்திகையில் என் அக்காவிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் உடம்பைக் கெடுத்து அனுப்பினார்கள். நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வயதானவர்களுக்கு இதே விளம்பரம் வாட்ஸப்பில் இன்னும் போய்க்கொண்டிருப்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அக்கா மயிலாடுதுறையில் இருக்கிறார். தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்கித் தலை வாரவே சிரமப்படுகிறவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒருவருக்கு மட்டுமேயான தொட்டி, 35 டிகிரி நீர், பயிற்சி பெற்ற பெண் தெரபிஸ்ட், முழுதாக ஒரு மணி நேரம், கட்டணம் 6,500 ரூபாய் என்று விளம்பரத்தில் இருந்தது. நான் தொலைபேசியில் அழைத்து, பெண்தான் வருவார் என்பதையும் தொட்டி தனியானது என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே முழுத்தொகையும் ஜிபேயில் அனுப்பினோம்.

முறையான வாட்சு எப்படியிருக்கும் என்று தெரிந்தால்தான் அங்கே நடந்தது எவ்வளவு பெரிய மோசடி என்பது புரியும். ஜப்பானிய ஷியாட்சு அழுத்தமுறையைக் கற்ற ஹெரால்ட் டல் என்ற அமெரிக்கர், 1980-ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவின் ஹார்பின் வெந்நீர் ஊற்றுகளில், நீரில் மிதப்பவர்களிடம் அந்த முறையைச் செய்து பார்த்து உருவாக்கியது இது. மார்பளவு நீரில் நிற்கும் தெரபிஸ்ட், நம் தலையைத் தன் முழங்கை மடிப்பில் ஏந்தி, மற்றொரு கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். நாம் மூச்சை இழுக்கையில் உடல் தானே எழும்பும், விடுகையில் சற்றே அமிழும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றித்தான் முதுகையும் தோளையும் இடுப்பையும் மெல்ல நீட்டுவார்கள். நீர் ஏறத்தாழ 35 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: அது தோலின் வெப்பத்தை ஒட்டியிருப்பதால், அசையாமல் நெடுநேரம் கிடந்தாலும் உடல் குளிர்ந்து நடுங்குவதில்லை, சூடேறித் தவிப்பதுமில்லை. இந்த ஒத்திசைவு இல்லையென்றால் தசை தளராது.

அங்கே போனதும் முதலில் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அது பேக்கேஜில் சேர்ந்தது என்றார்கள். தேய்த்த எண்ணெயைக் கழுவச் சொல்லாமல் அப்படியே தொட்டியில் இறங்கச் சொன்னபோதே எனக்கு உறுத்தியது; ஏனென்றால் நீரின் மேல் ஏற்கெனவே எண்ணெய்ப் படலம் மினுங்கிக்கொண்டிருந்தது, படியில் கால் வைத்தால் டைல்ஸ் இடுக்குகளில் வழுவழுவென்று பாசி வழுக்கியது. தனித் தொட்டி என்றது பொய். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பமே அதில் இருந்து ஏறிப் போனது. அக்கா இறங்கியதும் “சுடுதுடி” என்றார். ஹீட்டர் பெட்டியின் திரையைப் பார்த்தேன். 41 என்று காட்டியது. “மழைக்காலம் மேடம், கொஞ்சம் சூடு இருந்தால்தான் நல்லாருக்கும்” என்றார் அங்கிருந்த பையன்.

அந்தப் பையன்தான் தெரபிஸ்ட். பெண் ஊழியர் விடுப்பில் போய்விட்டார் என்பதை நாங்கள் உடை மாற்றி வந்து நின்ற பிறகு சொன்னார்கள். நீரில் இன்னொருவர் கைகளில் முழு உடலையும் ஒப்படைக்க வேண்டிய சிகிச்சையில், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் அந்த நேரத்தில் இப்படிச் சொல்வது, சரி என்று சொல்லவைப்பதற்கான நெருக்கடியே தவிர வேறில்லை. அக்காவும் கட்டிய பணத்தை நினைத்துச் சம்மதித்தார். நோய் ஏதும் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தண்ணீரில் பயம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டியதோடு சரி.

அவர் பிடித்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையைக் கை மடிப்பில் தாங்கவில்லை. பிடரியை விரல்களால் பற்றி இழுத்தார். விரலில் போட்டிருந்த மோதிரம் கழுத்தில் உரசிச் சிவந்த கோடு விழுந்தது. தூக்கவே முடியாமல் இருந்த கையை ஒரே வீச்சில் தலைக்கு மேல் இழுத்தபோது அக்கா வலியில் உடலை முறுக்க, முகம் நீருக்குள் போய் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. “லூசா விடுங்கம்மா, பயப்படுறதாலதான் வலிக்குது” என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

படியேறி வெளியே வந்த அக்கா கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மயிலாடுதுறையில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் பின்னர் விளக்கினார்: மிகச் சூடான நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது, நீருக்குள் இருக்கும்வரை நீரின் அழுத்தம் கால்களைச் சுற்றித் தாங்குகிறது, வெளியே ஏறியதும் அந்தத் தாங்கல் போய், இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றுகிறது. அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையாக நேரலாம். அடுத்து வந்த நாட்களில் இடுப்பிலும் தொடையிலும் சிவந்த பருக்கள் கிளம்பின. பராமரிக்காத வெந்நீர்த் தொட்டிகளில் பெருகும் சூடோமோனாஸ் கிருமி மயிர்க்கால்களில் புகுவதால் வருவது என்றார் அவர். கிருமியைக் கொல்ல நீரில் கலக்கும் குளோரின், சூடான நீரில் விரைவில் தீர்ந்துபோகும். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் தீரும். ஆகவே சாதாரண நீச்சல் குளத்தைவிட இத்தகைய தொட்டிக்குத்தான் அடிக்கடி பரிசோதனை தேவை. மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை அடித்தால் நீர் சுத்தமாக இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது குளோரின் அழுக்கோடு கலந்து வலுவிழந்துவிட்டதைக் காட்டுவதாகவே பெரும்பாலும் இருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மேலாளர், “இது ரிலாக்சேஷன் மட்டும்தான் மேடம், மெடிக்கல் கிடையாது, அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை” என்றார். தோள்வலி தீரும் என்று விளம்பரத்தில் எழுதியவர்கள் இவர்களே. பயிற்சிச் சான்றிதழைக் காட்டச் சொன்னதற்கு, சென்னை அலுவலகத்தில் இருக்கிறது என்றார். இன்றுவரை வரவில்லை.

வாட்சுவே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆரோவில்லின் குவயட் ஹீலிங் சென்டரில் இது முறையாகக் கற்பிக்கவும் படுகிறது, தரவும் படுகிறது. கும்பகோணத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். எங்கே போனாலும், தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நீரின் வெப்பத்தையும் குளோரின் பரிசோதனைக் குறிப்பேட்டையும் காட்டச் சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டியில் குளோரின் பத்து லட்சத்தில் குறைந்தது மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. கையாளப் போகிறவர் யார், எங்கே பயின்றார் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். காய்ச்சல், ஆறாத புண், செவிப்பறையில் ஓட்டை, கட்டுப்படாத வலிப்பு, இதய நோய் ஆகியவை பற்றி அவர்களாகக் கேட்காவிட்டால் அங்கே நீரில் இறங்க வேண்டாம்.

விளம்பரப் படம், ஜிபே ரசீது, மருத்துவரின் சீட்டு, அன்றே எடுத்த கழுத்துக் கீறலின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவுசெய்தோம். விடுதி மசியாததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அரசலாற்றங்கரை விடுதி ஒன்றில் இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால், தங்கள் ரசீதையும் வந்த குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவைச் சேர்ந்தே கொடுக்கலாம்.