பின் ஆக்சில் சத்தம்: பிரித்து வேலை பார்ப்பதா, செகண்ட் ஹேண்ட் ஆக்சிலை மாற்றிவிடுவதா?

பிக்கப்பில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருந்து, இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) மேல்தான் சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமலாக இருந்து, வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் அநேகமாக வீல் பேரிங், அதற்கு இந்த இரண்டு வேலையுமே வேண்டாம்.

டிஃபரன்ஷியல்தான் என்றால் கவரைக் கழற்றி எண்ணெயை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போல நைசான சாம்பல் நிறம் சகஜம், செதில் செதிலாக இரும்பு மின்னினால் உள்ளே ஏதோ உடைகிறது. பேரிங் மட்டும் போய், பற்கள் நன்றாக இருந்தால் நான் பிரித்து வேலை பார்க்கும் கட்சி. ஆனால் பினியன் பிரீலோடு (பினியன் என்ற சின்ன கியரின் பேரிங்கை எவ்வளவு இறுக்குவது), பேக்லாஷ் (கியர் பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) இரண்டையும் அளந்து வைத்து, பேஸ்ட் தடவிப் பல் எங்கே பதிகிறது என்றும் பார்க்க வேண்டும். பழகாத கை தொட்டால் முன்பைவிட மோசமாகக் கத்தும்.

பற்களே தேய்ந்திருந்தால் கிரவுன் என்ற பெரிய கியரையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், செலவு ஏறும். அப்போது செகண்ட் ஹேண்ட் ஆக்சில் சுலபம், போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை. சரி, அதன் உள்ளே என்ன நிலைமை? வாங்கும் முன்பே கவரைத் திறந்து பாருங்கள். கியர் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று என்ற கணக்கு) பழைய ஆக்சிலில் உள்ளதாகவே இருக்க வேண்டும், அதிலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலோடு பொருந்தாவிட்டால் முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் சேர்த்து வேட்டு.